தவணைக் கடனிலிருந்து விலகும் உரிமை

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், பழைய விமான நிலையச் சாலையும் உள்வட்டச் சாலையும் சந்திக்கும் இடத்தில் தொம்மலூர் அமைந்துள்ளது. இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வூரைத் தேசிமாணிக்கப் பட்டணம் என்னும் மறுபெயராலும் குறிப்பிடுகின்றன. பட்டணம் என்பது வணிகர் வாழும் ஊருக்கு வழங்கிய சொல். அக்காலக் கல்வெட்டுகளில் கொடைகளும் ஒப்பந்தங்களும் ‘சந்திராதித்தவரை’, அதாவது நிலவும் கதிரவனும் உள்ளவரை செல்லும் என்று எழுதப்படுவது மரபு. கல்லில் வெட்டிய வாக்கை மாற்றிக்கொள்ள இடமில்லை. இன்று தொம்மலூரைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களில் ஒரு குளிர்பதனப் பெட்டிக்காகவோ கைப்பேசிக்காகவோ செய்துகொள்ளப்படும் ஒப்பந்தம் பன்னிரண்டு மாதங்களுக்கு மட்டுமே உரியது. ஆயினும் கையொப்பமிட்டபின் மனம் மாறியவருக்கு அதுவும் கல்லில் வெட்டியதாகவே தோன்றுகிறது. அந்த எண்ணம் எந்த அளவுக்குச் சரியானது என்பது பலரும் அறியாத செய்தி.

கடையில் நடப்பதை முதலில் காண்போம். பொருளைத் தேர்ந்தெடுத்தவுடன் விற்பனையாளர் வாடிக்கையாளரை ஒரு மேசைக்கு அழைத்துச் செல்கிறார். அங்கு அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் கடையின் ஊழியர் அல்லர்; ஒரு வங்கியின் அல்லது வங்கி சாரா நிதி நிறுவனத்தின் பிரதிநிதி. ஆதார் எண், நிரந்தரக் கணக்கு எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அவர் கணினியிலோ கைப்பேசியிலோ பதிவு செய்கிறார். வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு ஒரு கடவு எண் வருகிறது. அதைச் சொன்னதும் கடன் ஒப்பந்தம் ஏற்கப்பட்டதாகிறது. இன்னொரு கடவு எண், மாதந்தோறும் தவணையைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வங்கிக்கு ஆணை வழங்குகிறது. பத்து நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. நிதி நிறுவனம் பணத்தைக் கடைக்குச் செலுத்துகிறது. பொருள் இரண்டு மூன்று நாட்களில் வீடு வந்து சேர்கிறது.

வீட்டுக்குத் திரும்பியபின் குடும்பத்தின் வரவு செலவைக் கணக்கிட்டுப் பார்த்து, இந்தத் தவணை தாங்காது என்று ஒருவர் முடிவு செய்வதாகக் கொள்வோம். பொருளில் குறை ஒன்றும் இல்லை. எவரும் அவரை ஏமாற்றவும் இல்லை. மனம் மாறிவிட்டது, அவ்வளவே. அவருக்குச் சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது?

இரண்டு ஒப்பந்தங்கள்

வாடிக்கையாளரின் கண்ணுக்கு நடந்தது ஒரே பரிமாற்றம். சட்டத்தின் கண்ணுக்கோ அவை இரண்டு. கடைக்கும் அவருக்கும் இடையே விற்பனை ஒப்பந்தம் ஒன்று. நிதி நிறுவனத்துக்கும் அவருக்கும் இடையே கடன் ஒப்பந்தம் மற்றொன்று. இந்த வேறுபாட்டை மறந்து செயல்படுவதிலிருந்தே பெரும்பாலான இன்னல்கள் தோன்றுகின்றன. பொருளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டவர் கடனும் தீர்ந்தது என்று எண்ணி இருந்துவிடுகிறார். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி தவணை பிடிக்கப்படுகிறது. கடனை ரத்து செய்தவரோ விற்பனையும் ரத்தாகிவிட்டது என்று நம்புகிறார். கடைக்காரர் அதை ஏற்பதில்லை.

விற்பனையைப் பொறுத்தவரை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் இன்றும் அடிப்படையாக உள்ளன. முதற் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, ஒருவர் தாம் முன்வைத்த கோரிக்கையை மறுதரப்பின் இசைவு தெரிவிக்கப்பட்டு முடியும்வரை திரும்பப் பெறலாம், அதன்பின் இயலாது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இன்னும் கண்டிப்பானது. நிபந்தனையின்றி, குறிப்பிட்ட ஒரு பொருளை, ஒப்படைக்கத்தக்க நிலையில் வாங்க ஒப்புக்கொண்டால், ஒப்பந்தம் ஆன அக்கணமே அப்பொருளின் உடைமை வாங்கியவருக்கு மாறிவிடுகிறது. விலையைப் பின்னர் கொடுப்பதோ பொருளைப் பின்னர் பெறுவதோ இதை மாற்றாது. கிடங்கிலிருந்து வரவேண்டிய பொருளானால் உடைமை மாறும் நேரம் சற்றுத் தள்ளிப்போகலாம். அப்போதும் வாங்க மறுப்பவர் கடைக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யக் கடமைப்பட்டவரே. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்ற உடன்பாட்டில் கொடுக்கப்படும் பொருளுக்கு 24-ஆவது பிரிவு தனிவிதி வகுத்துள்ளது. ஆனால் மின்சாதனக் கடைகள் அவ்வாறு விற்பது அரிது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் முப்பது நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை என்று அச்சட்டம் கூறுகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று ரசீதில் அச்சிட்டுவிட்டுக் குறையுள்ள பொருளுக்கும் அதையே காட்டும் கடைக்காரரை அந்த வாசகம் காப்பாற்றாது. எனினும் இந்தப் பாதுகாப்பு குறையுள்ள பொருளுக்கே உரியது. நல்ல பொருளை, மனம் மாறிய ஒரே காரணத்துக்காகத் திருப்பிக் கொடுக்கும் பொது உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை. கடை தன் விருப்பப்படி அறிவித்துள்ள திரும்பப்பெறும் விதி இருந்தால் அதுவே வழி. அந்த விதி ரசீதிலோ அறிவிப்புப் பலகையிலோ இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் பார்ப்பதில்தான் பயன் உண்டு.

நடைமுறைக்கு வராத ஒரு சட்டம்

இந்திய நாடாளுமன்றம் இந்த உரிமையைப் பற்றி எண்ணாமல் இல்லை என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

தவணை வணிகத்தின் பழைய வடிவம் வாடகைக் கொள்முதல். பொருளை விற்பதற்குப் பதிலாக வாடகைக்குக் கொடுத்து, கடைசித் தவணை கட்டியதும் அதை வாடகைக்காரருக்கே உரிமையாக்குவது இம்முறை. இதன் இயல்பை 1895-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு பியானோ வழக்கில் தெளிவாக்கியது. ஹெல்பி என்பவரிடமிருந்து ஒருவர் பியானோ ஒன்றை முப்பத்தாறு மாதத் தவணைக்குப் பெற்றார். சில மாதங்களில் அதை மாத்யூஸ் என்ற அடகுக்காரரிடம் வைத்துவிட்டார். பியானோ யாருக்குச் சொந்தம் என்பது வழக்கு. தவணைக்காரர் எந்த நேரத்திலும் பொருளைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள உரிமை பெற்றிருந்ததால், அவர் அதை வாங்க ஒப்புக்கொண்டவர் ஆகமாட்டார். எனவே பியானோ ஹெல்பிக்கே உரியது எனத் தீர்ப்பாயிற்று. விலகும் உரிமையே வாடகைக் கொள்முதலை விற்பனையிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் என்பது இத்தீர்ப்பின் சாரம். கோயம்புத்தூர் வணிகவரி அதிகாரிக்கு எதிராக கே. எல். ஜோஹர் நிறுவனம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் 1960-களில் இதே வழியில் சென்றது. வாடகைக் கொள்முதலில் வாடகையும் விற்பனையும் ஆகிய இரு கூறுகள் உள்ளன, வாங்கும் விருப்பத்தைச் செயற்படுத்தும்போதே விற்பனை நிகழ்கிறது என்று அது விளக்கியது.

சட்ட ஆணையம் 1961-இல் தன் 20-ஆவது அறிக்கையை வாடகைக் கொள்முதலுக்கென்றே அளித்தது. அதன் தொடர்ச்சியாக 1972-ஆம் ஆண்டில் வாடகைக் கொள்முதல் சட்டம் நிறைவேறியது. அதன் 10-ஆவது பிரிவு, இறுதித் தவணைக்கு முன் எந்த நேரத்திலும், பதினான்கு நாள் எழுத்துமூல அறிவிப்புக் கொடுத்து, பொருளைத் திருப்பி ஒப்படைத்து, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமையை வாடகைக்காரருக்கு வழங்கியது. விலையில் பாதிக்கு மேல் கட்டியிருந்தால், முடித்துக்கொண்டதற்காக ஒப்பந்தத்தில் விதித்த கூடுதல் தொகையைச் செலுத்தவேண்டியதில்லை. பாதிக்குக் குறைவாக இருந்தால், ஒப்பந்தத்தில் குறித்த தொகை அல்லது பாதியை எட்டத் தேவையான தொகை ஆகிய இரண்டில் குறைந்ததே போதும். மனம் மாறியவருக்கு இதைவிடத் தெளிவான பாதுகாப்பு இந்திய நுகர்கடன் சட்டங்களில் அதற்கு முன்பும் எழுதப்படவில்லை, பின்பும் எழுதப்படவில்லை.

ஆனால் அச்சட்டம் ஒரு நாளும் நடைமுறைக்கு வரவில்லை. 1973 ஜூன் 1 முதல் செயற்படும் என்று அறிவிக்கப்பட்டு, செப்டம்பர் 1-க்குத் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் அந்த அறிவிப்பே விலக்கிக்கொள்ளப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டப் புத்தகத்தில் மட்டும் வாழ்ந்து, 2005-ஆம் ஆண்டின் நீக்கச் சட்டத்தால் அதிலிருந்தும் மறைந்தது. சட்டக் கல்லூரித் தேர்வுகளில் பல தலைமுறை மாணவர்கள் அதன் பிரிவுகளை எழுதி மதிப்பெண் பெற்றதுதான் அதனால் விளைந்த பயன் என்று கூறினால் அது மிகையாகாது.

இதற்கிடையில் வணிகத்தின் வடிவமே மாறிவிட்டது. சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கும் கேரள அரசுக்கும் இடையிலான விற்பனை வரி வழக்கில், வாடகைக் கொள்முதல் என்று பெயரிடப்பட்டிருந்த ஏற்பாடு உண்மையில் பொருளை ஈடாகக் கொண்ட கடனே என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் 1960-களிலேயே முடிவு செய்தனர். இன்றைய கடைக் கடன் பெயரளவிலும் கடன்தான். பொருள் முதல் நாளே வாடிக்கையாளருடையதாகிவிடுகிறது. ஆகவே ‘பொருளைத் திருப்பித் தருகிறேன், கணக்கு முடிந்தது’ என்று சொல்ல இங்கு இடமில்லை.

ரிசர்வ் வங்கி அளித்த அவகாசம்

சட்டம் விட்ட இடத்தை ஒரு பகுதியேனும் நிரப்பியது ரிசர்வ் வங்கி. 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் வெளியிட்ட இலக்கமுறைக் கடன் வழிகாட்டு நெறிகளில், கடன் பெற்றவருக்கு ஒரு மறுபரிசீலனைக் காலம் கட்டாயமாக்கப்பட்டது. அக்காலத்துக்குள் அசலையும், கழிந்த நாட்களுக்கு உரிய விகிதத்தில் ஆண்டுச் செலவு வீதத்தையும் செலுத்தி, அபராதம் இன்றிக் கடனிலிருந்து வெளியேறலாம். காரணம் கூறத் தேவையில்லை. ஏழு நாள் அல்லது அதற்கு மேற்பட்ட தவணைக் காலம் உடைய கடனுக்குக் குறைந்தது மூன்று நாட்கள் என்று அப்போது வரையறுக்கப்பட்டிருந்தது. 2025 மே 8-ஆம் நாள் வெளியான புதிய நெறிமுறைகள் இதைக் குறைந்தது ஒரு நாள் என்று மாற்றி, எத்தனை நாட்கள் என்பதை ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவும் முடிவு செய்யுமாறு விட்டன. முன்னரே தெரிவித்திருந்தால் நியாயமான செயற்பாட்டுக் கட்டணத்தை நிறுவனம் வைத்துக்கொள்ளலாம் என்றும் அவை தெளிவுபடுத்தின.

கணக்கு எளிது. 36,000 ரூபாய் கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் எனக் கொண்டால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 17 ரூபாய் 75 காசு ஆகும். மூன்றாம் நாளில் விலகுபவர் அசலோடு சுமார் 53 ரூபாயும், செயற்பாட்டுக் கட்டணம் இருப்பின் அதையும் செலுத்தினால் போதும்.

ஒரு நாள் அவகாசம் போதுமா என்பது வேறு கேள்வி. ஆயுள் காப்பீட்டில் 2002-ஆம் ஆண்டின் விதிகளிலேயே பத்திரம் கைக்கு வந்தபின் பதினைந்து நாள் அவகாசம் இருந்தது. 2024-இல் அது முப்பது நாட்களாக உயர்த்தப்பட்டது. பிரிட்டனில் 1964-ஆம் ஆண்டின் சட்டம், வாசலில் வந்து விற்பவரிடம் கையொப்பமிட்டவருக்கு முதன்முதலாக நான்கு நாள் அவகாசம் தந்தது. 2011 பிப்ரவரி முதல் அந்நாட்டின் பெரும்பாலான நுகர்கடன்களுக்குப் பதினான்கு நாட்கள் உண்டு. அங்கும் அந்த உரிமை கடனிலிருந்து விலகுவதற்கு உரியதேயன்றிக் கடையில் வாங்கிய பொருளைத் திருப்புவதற்கு உரியதன்று. இந்தியாவில் குளிர்பதனப் பெட்டி வீட்டுக்கு வந்து இறங்குமுன்னரே அவகாசம் முடிந்துவிடக்கூடும் என்பதை நோக்கும்போது, குறைந்தபட்ச வரம்பைச் சுருக்கியது கடன் பெறுவோருக்குச் சாதகமான மாற்றமாகத் தோன்றவில்லை.

கடை மேசையில் பெறும் கடன் இலக்கமுறைக் கடனா என்ற ஐயம் எழலாம். ஒரு மனிதர் எதிரே அமர்ந்திருந்தாலும், தேர்வு முதல் வசூல் வரையிலான செயல்கள் பெரும்பாலும் இலக்கமுறைத் தொழில்நுட்பத்தால் நடைபெற்றால் அது இந்த வரையறைக்குள் அடங்கும். கடனட்டையில் செய்த செலவைத் தவணையாக மாற்றிக்கொள்வது மட்டும் இதில் சேராது; அதற்குக் கடனட்டைக்கான தனி விதிகள் உள்ளன.

ஐயத்தைத் தீர்க்கும் ஆவணம் ஒன்றும் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் எல்லாப் புதிய சில்லறைத் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றை நிறுவனம் வழங்கவேண்டும். ஆண்டுச் செலவு வீதம், எல்லாக் கட்டணங்கள், முன்கூட்டி முடித்தால் வரும் செலவு, குறைதீர் அலுவலரின் விவரம் ஆகியவை அதில் இடம்பெறும். இலக்கமுறைக் கடனாயின் மறுபரிசீலனைக் காலம் எவ்வளவு என்பதற்குத் தனி வரி உண்டு. ஏழு நாளுக்குக் குறையாத கடனுக்கு, அந்த அறிக்கையில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாட்கள் செல்லுபடியாகவேண்டும். அதாவது, அறிக்கையைப் பெற்றுக்கொண்டு, வீட்டுக்குச் சென்று யோசித்து, மூன்றாம் நாள் வந்து அதே நிபந்தனையில் கடனைக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ‘இன்று மட்டும்’ என்று விற்பனையாளர் அவசரப்படுத்துவது கடையின் தள்ளுபடிக்குப் பொருந்தலாம். கடனின் நிபந்தனைக்குப் பொருந்தாது. மேலும், அறிக்கை கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும், அதன் உள்ளடக்கம் அவருக்கு விளக்கப்படவேண்டும் என்பது விதி. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எனப் பல மொழியினர் கலந்து வாழும் தொம்மலூர் போன்ற பகுதியில் இது சிறிய செய்தி அன்று. ஆங்கிலத்தில் பல பக்கங்கள் கைப்பேசித் திரையில் ஓடி மறைய, கடவு எண்ணை மட்டும் சொல்லி ஒப்புதல் தருபவர் தமக்குரிய ஒரு பாதுகாப்பைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்.

‘வட்டியில்லா’ தவணையின் சிக்கல்

‘நோ காஸ்ட்’ தவணை என்று விளம்பரப்படுத்தப்படும் திட்டத்தில் விலகுவது சற்றுக் குழப்பமானது. 36,000 ரூபாய் விலையுள்ள பொருளுக்கு மாதம் 3,000 வீதம் பன்னிரண்டு தவணை என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கட்டுவது 36,000 மட்டுமே. ஆனால் நிதி நிறுவனம் கடைக்கு 33,600 மட்டும் கொடுத்திருக்கலாம். மீதி 2,400 ரூபாயைக் கடையோ உற்பத்தியாளரோ விட்டுக்கொடுக்கின்றனர். வட்டி இல்லாமற் போகவில்லை; அதைக் கொடுப்பவர் மாறியிருக்கிறார். ரொக்கம் கொடுப்பவர் கேட்டிருந்தால் ஒருவேளை பெற்றிருக்கக்கூடிய தள்ளுபடியே அந்த 2,400. பூச்சிய சதவீத வட்டி என்பதே இல்லாத ஒன்று, வட்டி வேறு பெயரில் மறைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எடுத்துரைத்தது.

மனம் மாறிப் பொருளைத் திருப்பும்போது இந்த உள்கணக்கு வெளியே வருகிறது. கடை திரும்பப் பெற இசைந்தாலும், தான் பெற்ற தொகையை நிதி நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பவேண்டும். நிறுவனம் கடன் கணக்கை மூடவேண்டும். முன்பணமாகக் கட்டிய தவணை வாடிக்கையாளருக்கு வரவேண்டும். இந்த மூன்றில் ஒன்று தாமதித்தாலும் தவணை பிடிப்பது தொடரும். ஆகவே கடையின் வாய்மொழி உறுதியை நம்பாமல், பொருளைத் திரும்பப் பெற்றதற்கான எழுத்துச் சான்றைக் கடையிடமிருந்தும், கடன் முடிந்ததற்கான சான்றிதழை நிறுவனத்திடமிருந்தும் தனித்தனியே பெறுவது இன்றியமையாதது. விலகும் விருப்பத்தை நிறுவனத்தின் செயலியிலோ மின்னஞ்சலிலோ நாள், நேரம் பதியும் வகையில் தெரிவிப்பதே பின்னர் உதவும். மேசையில் இருந்தவரிடம் தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இராது. வங்கிக்குக் கொடுத்த பற்று ஆணையைக் கடன் மூடப்படுமுன் ரத்து செய்வது ஆபத்தானது. தவணை தவறியதாகவே அது பதிவாகும்.

அவகாசம் கடந்தபின் எஞ்சுவது முன்கூட்டி முடிக்கும் வழி. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் கடன்களுக்கு முன்முடிப்புக் கட்டணத்தை ரிசர்வ் வங்கி கட்டுப்படுத்தியுள்ளது. ஆயினும் தனிநபர்களுக்கு அது தரும் விலக்கு மாறும் வட்டிக் கடன்களுக்கே பொருந்தும். கடைக் கடன்கள் பெரும்பாலும் நிலை வட்டியில் அமைவதால் ஒப்பந்தத்தில் உள்ள கட்டணத்தைச் செலுத்தவேண்டி வரும். உரிய கட்டணத்தோடு முன்கூட்டியே தீர்க்க வருபவரை ஏற்க மறுப்பது மட்டும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நியாயமற்ற ஒப்பந்தத்தின் கூறாகும். அத்தகைய ஒப்பந்த விதியைச் செல்லாதது என அறிவிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. மாநில ஆணையத்தையே நாடவேண்டும். சேவைக் குறைபாடு பற்றிய வழக்கமான புகாரை மாவட்ட ஆணையத்திலேயே அளிக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்குக் கட்டணம் இல்லை.

அதற்கு முன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதவேண்டும். முப்பது நாட்களில் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடை தொடர்பான குறைகளுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது.

முடிந்த கடன் நிலுவையாகவே காட்டப்படுவது இவ்விவகாரத்தில் மிகக் காலம் கடந்து தெரியவரும் தீங்கு. இரண்டு ஆண்டுகள் கழித்து வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பழைய குளிர்பதனப் பெட்டியின் தவணை கடன் தகவல் அறிக்கையில் நிற்பது தெரிகிறது. விலகிய ஓரிரு மாதங்களில் அந்த அறிக்கையை எடுத்துப் பார்ப்பது நல்லது; ஆண்டுக்கு ஒருமுறை அதை இலவசமாகப் பெறலாம். பிழையைச் சுட்டி முறையிட்டு முப்பது நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதன்பின் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் இழப்பீடு தரவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.